இஞ்சியைச் சுற்றி ஒரு கோடு

ஒரு துண்டு இஞ்சி கடைசியில் காகிதத்தில் இஞ்சியாகவே விழுந்துவிட்டது. நிழல் போடவில்லை, அழிப்பான் படவில்லை, முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமனில் கோடு மட்டும். அதைப் பார்த்து வீட்டில் யாரும் "இது என்ன?" என்று கேட்கவில்லை. அதற்கு முன்பு வரைந்த இஞ்சிகளுக்கு மேகம், ஒட்டகம், ஒரு முறை இலங்கை வரைபடம் என்றெல்லாம் பெயர் கிடைத்திருந்தது. எந்தக் கருவி உதவியது, எது காசைத் தின்றது, எந்த இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வீட்டு பிளான் போடுவது என் தொழில். பலகையும் டி-ஸ்கொயரும் இருந்த காலத்தில் டிரேசிங் தாளில் ரோட்ரிங் பேனா பிடித்தவன். பிறகு எல்லோரையும்போல் கணினிக்கு மாறினேன். இதனால் கைக்கு ஒரு நோய் உண்டு. நேர்கோடு சுத்தமாக வரும், வட்டம் வரும். ஒரு இலையை வரையச் சொன்னால் அதன் விளிம்பு பிரெஞ்சு கர்வ் (வளைகோடு போடும் அச்சு) வைத்து இழுத்த வளைவாகிவிடும். இலை அப்படி இருக்காது. பூச்சி கடித்திருக்கும், ஓரம் மடங்கியிருக்கும். கை தனக்குத் தெரிந்த வளைவைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். இதற்கு மருந்தாகத்தான் கான்டூர் பயிற்சியை, அதாவது விளிம்புக் கோடு வரையும் பயிற்சியை, எடுத்தேன்.

பயிற்சி எளிமையானது. பொருளின் விளிம்பில் ஓர் இடத்தில் கண்ணை வைக்க வேண்டும். கண் விளிம்பில் ஊரும் அதே வேகத்தில் பென்சிலும் காகிதத்தில் ஊர வேண்டும். காகிதத்தைப் பார்க்கக் கூடாது. நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்கில் ஆசிரியராக இருந்த கீமோன் நிக்கொலைடிஸ் இதை மாணவர்களுக்கு முதல் பாடமாக வைத்தார். அவர் இறந்தது 1938இல். பாடங்கள் புத்தகமாக வந்தது 1941இல். பென்சில் முனை தொட்டுக்கொண்டிருப்பது காகிதத்தை அல்ல, எதிரே இருக்கும் பொருளைத்தான் என்று நம்பிக்கொண்டு வரை. அந்த நம்பிக்கை வரும்வரை பென்சிலை நகர்த்தாதே என்பது அவர் சொல்லிக்கொடுத்த முறை. படிக்கும்போது சாமியார் பேச்சாகத் தோன்றியது. செய்து பார்த்தபோது அதைவிட நடைமுறையான குறிப்பு வேறு கிடைக்கவில்லை.

இஞ்சியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முதலில் முருங்கைக்கொத்து வைத்தேன். வரைந்து முடிப்பதற்குள் இலை வாடிச் சுருண்டுவிட்டது. வாழைப்பூ மடலின் வெட்டிய ஓரம் கறுத்துக்கொண்டே போனது. இஞ்சி அசையாது, சீக்கிரம் வாடாது, அதன் விளிம்பில் எங்குமே மனப்பாடமாகப் போடக்கூடிய வளைவு கிடையாது. ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு திசையில் கிளம்பும். பதினொரு செ.மீ. நீளத் துண்டை, கவிழ்த்து வைத்த டம்ளரின் மேல் வைத்தேன்.

கையை மறைப்பது முதல் வேலை. பேப்பர் தட்டின் நடுவில் பென்சிலைக் குத்தி, தட்டு கையையும் காகிதத்தையும் மறைக்கும்படி பிடிப்பது பலரும் சொல்லும் உத்தி. தட்டின் விளிம்பு காகிதத்தில் உரசி, கோடு எங்கே போகிறது என்பதைக் கைக்குக் காட்டிக்கொடுத்தது. அதோடு தட்டு சாயும்போதெல்லாம் பென்சிலும் சாய்ந்தது. அடுத்து, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி அதற்குள் கையை விட்டேன். வேர்த்துக் கொட்டியது, முழங்கைக்கு இடம் போதவில்லை. கடைசியில் பெட்டியும் வேண்டாம், தட்டும் வேண்டாம் என்றாகிவிட்டது. நாற்காலியை இடப்பக்கம் திருப்பிப் போட்டு, இஞ்சியைக் கண்ணுக்கு நேரே ஸ்டூலில் வைத்து, காகிதத்தை வலக்கைக்குப் பின்னால் தள்ளி மேசையில் ஒட்டிவிட்டேன். காகிதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. கழுத்தை மட்டும் திருப்பி உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பிடரி பிடித்துக்கொள்ளும். நாற்காலியோடு திரும்ப வேண்டும்.

காகிதம் நகரவே கூடாது. பரீட்சை அட்டையின் கிளிப் போதாது, கீழ்ப்பக்கம் நழுவும். ஓர் அங்குல பேப்பர் டேப்பால் நான்கு மூலையிலும் ஒட்டினேன்.

வெளிச்சத்துக்கு டியூப்லைட் ஆகாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளுத்து, முடிச்சுகளின் ஓரம் தெரியாமல் போகும். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பை இடப்பக்கம் மேலே சாய்வாக வைத்தபோது ஒவ்வொரு முடிச்சும் எங்கே முடிந்து எங்கே அடுத்ததற்குப் பின்னால் போகிறது என்பது துலங்கியது.

பொருள் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்பதில் கொஞ்ச நாள் ஓடியது. முப்பது செ.மீ. தள்ளி வைத்தால் இடக்கண் காணும் விளிம்பு ஒன்று, வலக்கண் காணும் விளிம்பு வேறொன்று. கோடு இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கும். ஒரு கண்ணை மூடினால் சரியாகும், ஆனால் அதிக நேரம் தாங்காது. அறுபது செ.மீ. தள்ளி வைத்தபின் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. தலையை ஆட்டக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை. நாற்காலிச் சாய்மானத்தில் தோளை அழுத்தி வைத்துக்கொள்கிறேன்.

இனி பேனாக் கதை. மெதுவாகப் போகும் கோட்டுக்குப் பெரும்பாலான பேனாக்கள் ஒத்துவரவில்லை. மைப்பேனா நின்ற இடத்திலெல்லாம் ஜெராக்ஸ் தாள் மையைக் குடித்துக் கறுப்புப் பொட்டு வைத்தது. 0.3 ஃபைன்லைனரும் அதே குணம், பொட்டு சற்றுச் சிறியது. பால்பாயிண்ட் பேனா நின்றால் ஊறாது, ஆனால் திரும்பும் இடங்களில் மை திரண்டு, அடுத்த சென்டிமீட்டரில் கொட்டிவிட்டுப் போகும். 2பி பென்சில் கிளம்பும்போது கூர்மை, பாதி வழியில் மொக்கை. கோடு தடித்துக்கொண்டே போவதைப் பார்த்தால் பின்பாதி கனமான பொருள் என்று நினைக்கத் தோன்றும். 0.7 மைக்ரோடிப் பென்சில், எச்.பி. ஈயக்குச்சி. இதில்தான் நின்றேன். தடிமன் மாறாது, நின்றாலும் பொட்டு விழாது. தொடங்குமுன் குச்சியை இரண்டு மி.மீ. வெளியே தள்ளிக்கொள்ள வேண்டும். நடுவில் சொடுக்கினால் கண் விளிம்பை விட்டு நழுவிவிடும். 0.5 குச்சி என் அழுத்தத்துக்கு ஒடிந்தது.

பொட்டு விழுவதைக் குறையாகச் சொல்கிறேன், ஆனால் முதல் சில தாள்களை மைப்பேனாவில் போட்டது வீண் போகவில்லை. கை எங்கே நின்றாலும் ஒரு பொட்டு அதைக் கணக்கு வைத்துவிடும். அந்த முதல் தாள்களில் பொட்டே இல்லை என்பதுதான் செய்தி. கை எங்குமே நிற்காமல் ஓடியிருக்கிறது.

எவ்வளவு ஓட்டம் என்று அளந்தேன். தையல் நூலை நனைத்து, வரைந்த கோட்டின் மேலேயே படியவைத்து, பிறகு எடுத்து ஸ்கேலில் நீட்டினால் கோட்டின் நீளம் கிடைத்துவிடும். ஓர் இஞ்சிக்கு, உள்கோடுகளையும் சேர்த்து, 46 செ.மீ. வந்தது. வரைய எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றரை நிமிடம். அதாவது வினாடிக்கு ஐந்து மி.மீ. அந்த வேகத்தில் கண்ணால் முடிச்சுகளை எண்ணிக்கொண்டு போகலாம். அவற்றின் தோலில் உள்ள வளையங்களைப் பார்க்க முடியாது. இப்போது நன்றாக விழுந்த இஞ்சிக்குப் பத்து நிமிடம் ஆனது. வினாடிக்கு ஒரு மி.மீ.கூட இல்லை.

வேகத்தைக் குறைக்கச் செய்த முயற்சிகளில் ஒன்று படு தோல்வி. கைப்பேசியில் மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு மி.மீ. என்று நகர்த்தினேன். கோடு ரம்பப் பல்லாக வந்தது. கண் இஞ்சியை விட்டுவிட்டு, காது சொன்னபடி கை போனது. பலன் தந்தது காகித மாற்றம். ஜெராக்ஸ் தாள் வழுக்கும். பென்சில் தானாகச் சறுக்கிக்கொண்டு போகும். பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் தாளைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பான பக்கம் பென்சிலைப் பிடித்து இழுக்கிறது. கை மெதுவாகப் போவதற்கு மனத்தைக் கெஞ்ச வேண்டியதில்லை. 130 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாளும் (படம் வரையும் தடித்த தாள்) இதைச் செய்யும், ஆனால் கிழித்துப் போடப்போகும் பயிற்சிக்கு அந்த விலை எதற்கு?

மணிக்கட்டும் கவனிக்க வேண்டிய இடம். மணிக்கட்டை மேசையில் ஊன்றி வரைந்தால், அதை மையமாக வைத்து விரல்கள் ஒரு வில்லைப் போடும். நான் "இஞ்சியின் வளைவு" என்று நினைத்த பல வளைவுகள் என் மணிக்கட்டின் வளைவுகள்தான். ஒரே அளவு வில் நான்கு இடங்களில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. சுண்டுவிரல் நகம் மட்டும் தாளைத் தொட, முன்கை முழுவதும் நகரும்படி பழக்கிக்கொண்டேன். கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை, வேர்வைக்கு.

இடையில் ஒரு மயக்கம். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்திக் கோட்டோவியங்களை அச்சில் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். கோடு என்றால் அந்தப் பாய்ச்சல்தான் என்று மனத்தில் பதிந்துவிட்டது. இஞ்சியையும் அந்தப் பாய்ச்சலில் போட்டுப் பார்த்தேன். கோடு கம்பீரமாக இருந்தது, இஞ்சியைக் காணோம். அவர் கோட்டின் வேகத்தைக் கடன் வாங்கலாம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பார்வையை யாரிடம் கடன் வாங்குவது?

அளவிடுவதிலும் ஒரு தப்பான வழியில் கொஞ்ச தூரம் போனேன். காகிதத்தைப் பார்க்காமல் சுற்றி வந்தால் கோடு தொடங்கிய இடத்தில் வந்து முடியாது, இடைவெளி விழும். இடைவெளி குறைந்தால் தேறுகிறேன் என்று பொருள் என வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளின் பின்னாலும் மி.மீ. கணக்கு எழுதினேன். 24, 31, 18, 6. ஆறு வந்த தாளைத் திருப்பிப் பார்த்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். இஞ்சியின் மொத்த உருவம் மனப்பாடமாகி, கை அதைத் தானே போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறது. 31 வந்த தாளில் மொத்த உருவம் கோணல், ஆனால் ஒரு முடிச்சின் முனையில், வெட்டுக்காயத்தில் தோல் சுருங்கி நிற்கும் இடம் அப்படியே இருந்தது.

அதன்பிறகு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் மூன்று செ.மீ. சதுரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டினேன். அதைத் தாளின் மேல் நகர்த்தி, ஜன்னலுக்குள் தெரியும் கோட்டை மட்டும் பார்ப்பேன். இது இஞ்சியின் எந்த இடம் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்தச் சதுரத்துக்கு ஒரு டிக். மற்ற அளவையெல்லாம் விட்டுவிட்டேன். கோணலான படத்தில் ஐந்து டிக் வரும், "அழகான" படத்தில் ஒன்றுகூட வராது.

இஞ்சியை நாள்கணக்கில் ஸ்டூலிலேயே விட்டிருந்தேன். "அந்த இஞ்சியை இன்றைக்காவது கொடுப்பாயா, டீ போட வேண்டும்" என்றார் அம்மா. வேறு இஞ்சி வாங்கித் தருகிறேன் என்றேன். "அதையும் படம் போட உட்கார்ந்துவிடாதே." அதற்குள் பழைய இஞ்சி ஓரத்தில் சுருங்கி, ஒரு முடிச்சில் பச்சை முளையும் கட்டியிருந்தது. பழைய தாள்களோடு ஒப்பிட முடியாமல் போயிற்று. ஒப்பிட வேண்டுமென்றால் முதல் நாளே பொருளைக் கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது நல்லது.

அடுத்த கட்டம், பார்த்தும் பார்க்காமலும் வரைவது. இதற்கு ஒரே விதி. பென்சில் நகரும்போது கண் பொருளில். கண் காகிதத்தில் இருக்கும்போது பென்சில் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது. பென்சிலைத் தூக்கவும் கூடாது, நின்ற இடத்திலேயே ஊன்றியிருக்க வேண்டும். எங்கே நிற்பது என்பதுதான் சூட்சுமம். நினைத்த இடத்தில் நின்றால் படம் கெட்டுப்போகிறது. ஒரு முடிச்சு இன்னொன்றுக்குப் பின்னால் போய் மறையும் இடங்களில் மட்டும் நின்றேன். அங்கே வெளிவிளிம்புக் கோடு பிரிந்து உள்ளே நுழைகிறது. வெறும் சுற்றுக்கோடு போடுகிறவர் அந்த நுழைவைக் கவனிக்காமல் கடந்துவிடுவார், பொருள் தட்டையாகிவிடும். கோட்டோடு உள்ளே போய், மேடு மெல்லக் கரையும் இடத்தில் அழுத்தத்தை விட்டுக்கொண்டே பென்சிலை எடுத்தால் இஞ்சிக்குக் கனம் வந்துவிடுகிறது. ஒரு நிழல்கூடத் தேவைப்படவில்லை.

நிற்கும்போது எதைச் சரிபார்ப்பது? இங்கே என் தொழில் உதவியது. இஞ்சிக்குப் பின்னால் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். கொத்தனாரிடம் இரவல் வாங்கியது. தாளிலும் முன்கூட்டியே ஒரு மங்கலான செங்குத்துக் கோடு. எந்த முடிச்சு நூலுக்கு இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று பார்த்துக்கொண்டால் போதும், மொத்த உருவம் ஒரு பக்கமாகச் சாய்வது நின்றுவிட்டது.

உள்வளைவுகளைப் பிடிக்க, அதாவது பொருளின் உடம்புக்குக் குறுக்கே கோடு போட, கத்தரிக்காயில் ரப்பர் பேண்டு மாட்டிப் பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் கத்தரிக்காய் சலிப்பூட்டும் பொருள். எல்லாப் பட்டையும் ஒரே வளைவு. கட்டம் போட்ட லுங்கி இதற்கென்றே நெய்யப்பட்டிருக்கிறது என்று சொல்வேன். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் போட்டுத் தொங்கவிட்டால், தறியில் நேராக ஓடிய கோடுகள் அத்தனையும் மடிப்புக்கு ஏற்ப வளைந்து இறங்கும். ஒரே ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்து மேலிருந்து கீழே தொடர வேண்டும். மேட்டில் ஏறும்போது கட்டம் அகலும், சரிவில் நெருங்கிப் போகும், பள்ளத்தில் பட்டை காணாமல் போய் அந்தப் பக்கம் ஒரு விரற்கடை கீழே தலைகாட்டும். மறைந்த இடத்தைக் கற்பனையால் இணைக்கக் கூடாது. பென்சிலைத் தூக்கி, மறுபக்கம் தெரியும் இடத்தில் வைத்துத் தொடர வேண்டும். அந்த ஒரு விரற்கடை விலகல்தான் மடிப்பின் ஆழம். லுங்கிக்கு மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பதால் விடிகாலையில்தான் வரைய முடிந்தது.

இடக்கையை வரைந்தது இன்னும் தேறவில்லை. பாதி மூடிய கை எட்டு நிமிடத்தில் மரத்துப்போகிறது. விரல் அசைந்ததும் விளிம்பு மாறிவிடுகிறது. மடித்த துண்டின் மேல் கையை வைத்து, ஒவ்வொரு விரல் நுனிக்கும் அடியில் டேப் துண்டு ஒட்டி அடையாளம் வைத்தால் திரும்ப அதே இடத்துக்கு வரலாம். முட்டிச் சுருக்கங்களில் ஜன்னல் அட்டைக்கு டிக் விழுகிறது. கட்டைவிரல் மட்டும் ஒவ்வொரு முறையும் அரை செ.மீ. நீண்டுபோகிறது, காரணம் பிடிபடவில்லை. பாடப்புத்தகங்கள் கையிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. மாடலுக்குக் காசு வேண்டாம் என்பதைத் தவிர அதில் நன்மை எதையும் நான் காணவில்லை. அசையாத பொருளில் வேகத்தைப் பிடித்தபிறகு கைக்கு வருவது நல்லது.

செலவு, என் ஊர்க் கடை விலையில்: மைக்ரோடிப் பென்சில் நாற்பது ரூபாய், ஈயக்குச்சி டப்பி இருபது, பேப்பர் டேப் முப்பது, எல்.இ.டி. பல்பு நூறு (ஹோல்டர் பரணில் கிடந்தது), பிரவுன் தாள் ஒன்று பத்து ரூபாய்க்குள். அதை நான்காக வெட்டிக்கொள்வேன். ஜெராக்ஸ் தாள் அலுவலகத்தில் ஒரு பக்கம் பழுதானவை. வீணானவை: பிரஷ் பேனா நூற்றைம்பது; தைத்த ஸ்கெட்ச் நோட்டு இருநூற்றைம்பது. நோட்டின் நடு மடிப்பு மேடாக நின்று பென்சிலைத் தட்டிவிட்டது. அது போகட்டும், காசு கொடுத்து வாங்கிய வெள்ளைப் பக்கத்தில் கை பயந்து பயந்து "நல்ல" கோடாகப் போடுகிறது. உதிரித் தாளில் அந்தப் பயம் இல்லை.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் தட்டு, பெட்டி, மெட்ரோனோம் மூன்றையும் தொடமாட்டேன். முதல் சில தாள்களை மைப்பேனாவில், பொட்டு எண்ணுவதற்காகவே போடுவேன். பொருளின் அளவிலேயே வரையாமல் ஒன்றரை மடங்காக வரைவேன், 11 செ.மீ. இஞ்சியில் வளையங்கள் நெருக்கியடித்து நிற்பதால் 0.7 கோட்டுக்கு இடம் போதவில்லை. தாளின் பின்னால் இடைவெளிக் கணக்குக்குப் பதிலாக, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நூல் அளவு இவற்றை மட்டும் எழுதுவேன்.

அடுத்த பொருள் அம்மாவின் அருவாமனை. அலகின் வளைவு வழவழப்பானது, பிரெஞ்சு கர்வ் போடத் தூண்டும் வளைவு. என் பழைய கை திரும்பி வருகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். காலையில் காய் நறுக்கி முடித்தபிறகு ஒரு மணி நேரம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், கழுவித் துடைத்துத் திரும்ப வைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்.